பதினாறாவது மாடியில் ஒரு டீ

முப்பத்தொரு வருஷம் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ‘உள்ளே போங்க, உள்ளே எடம் கெடக்கு’ என்று சொல்வதுதான் பிழைப்பு. அதை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. பம்பாய்க்குப் போய் இறங்கிய மறுநாளே சொல்லிவிட்டார்கள், அதுவும் இந்தியில், முதுகில் கை வைத்து.

போனது படிப்பு விஷயமாக. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருந்தால் மனுஷன் துருப்பிடித்துவிடுவான் என்று தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். அதற்கு முன்னால் நான் படித்ததெல்லாம் பயணிகள் சீட்டில் விட்டுப்போன பேப்பரும், அவர்கள் வாயிலிருந்து விழுந்த பேச்சும்தான். நல்ல சொல் ஒன்று காதில் விழுந்தால் டிக்கெட் கட்டின் பின்னட்டையில் குறித்துக்கொள்வேன். இப்போது அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது.

இரண்டாம் வருஷத்தில் களப்பயணம் உண்டு. ஓர் அருங்காட்சியகம் பார்க்க வேண்டும், உயரமான இடத்திலிருந்து ஒரு நகரத்தைப் பார்க்க வேண்டும், இரண்டையும் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவர்கள் ஏழு பேர். எல்லோருக்கும் மூத்தவன் நான். எல்லோருக்கும் இளையவர் எங்களைக் கூட்டிப்போன கயல்விழி மேடம். மற்ற ஆறு பேரும் மாதுங்காவில் ஒரு விடுதியில் தங்கினார்கள். நான் தாராவியில் என் தங்கை இசக்கியம்மாள் வீட்டில். தங்கச்சி வீடு இருக்கும் ஊரில் விடுதியில் படுத்தேன் என்று தெரிந்தால் அப்புறம் நம்மூரில் தலைகாட்ட முடியாது.

இசக்கி கல்யாணமாகிப் பம்பாய் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. புதன்கிழமை காலையில் நான் பையோடு அவளுடைய சந்துக்குள் நுழைந்தேன். எங்கள் பஸ்ஸில் இரண்டு சீட்டு வரிசைக்கு நடுவே உள்ள இடம் அதைவிட அகலம். எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒருவர் அடுத்தவர் வீட்டு வாசலுக்குள் ஏறி நின்று வழி விடவேண்டும். அப்படி நான் ஏறி நின்ற ஒரு வாசலில் முன்பின் தெரியாத ஓர் அம்மா, ஏறியதுதான் ஏறினீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று செம்பை நீட்டினார்.

கீழே ஓர் அறை, மேலே ஒரு மச்சு, நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. இதுதான் வீடு. கீழ் அறை முழுக்க இசக்கியின் ராஜ்யம். மாவு அரைக்கும் கிரைண்டர் இரண்டு, ஆள் உயரத்துக்கு இட்லிச் சட்டிகள், ஓரமாக அரிசி மூட்டையும் உளுந்து மூட்டையும். விடிகாலை ஐந்தரைக்கு எட்டு சைக்கிள்கள் வாசலில் வந்து நிற்கும். எட்டுப் பேரும் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள். சூடான இட்லி அடுக்கிய பாத்திரத்தைப் பின்னால் கட்டி, சட்னித் தூக்கை முன்னால் மாட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சயான், மாதுங்கா, பாந்த்ரா என்று பிரிந்து போவார்கள். அவர்கள் போன பிறகு பகல் முழுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் மாவு வாங்க வருவார்கள்.

அவள் கணவர் சுப்பையா தோல் பை தைக்கும் பட்டறையில் மிஷின் ஓட்டுகிறவர். எனக்கு மாப்பிள்ளை முறை என்றாலும் வயதில் நாலே வருஷம்தான் இளையவர். மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் போய்விட்டது. ராத்திரி படுக்க அந்த ஏணியில் அவர் ஏறுவதைப் பார்த்தேன். முதுகை ஏணிக்குக் காட்டி, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். காலையில் பொதுக் கழிப்பறைக்குப் போனால் வரிசையில் அரைமணி நேரம் நிற்கவேண்டும். எனக்கு முன்னால் அவர் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றார். பேச்சு மட்டும் குறையவில்லை. “மச்சான், இந்த ஊர்ல ராஜாவுக்கும் கியூதான். என்ன, ராஜாவுக்கு வாளி கொஞ்சம் பெருசு” என்றார்.

வீட்டுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பது அன்று மத்தியானமே எனக்குத் தெரிந்துவிட்டது. ரோடு போடுவதற்காக அந்தச் சந்து இடிபடப்போகிறது. அங்கே இருப்பவர்களுக்கு இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். செம்பூருக்கு அப்பால், டிராம்பே போகும் வழியில் கட்டி முடித்த கட்டிடத்தில் இப்போதே ஒரு வீடு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தாராவியிலேயே என்றைக்கோ எழும்பப்போகும் கட்டிடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இடிக்கிற நாள்வரைக்கும் இங்கேயே கிடக்கலாம். சனிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சுப்பையாவுக்குச் செம்பூர் வீடு வேண்டும். லிப்ட் உண்டு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை உண்டு. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் அவர்கள் மகள் திவ்யாவுக்கும் அதுதான் வேண்டும். “மாமா, எனக்கு ஒரு கதவு போதும். உள்ளே போய்ச் சாத்திக்கணும். பஸ் இத்னா ஹி, அவ்வளவுதான்” என்றாள். பத்தொன்பது வயதுப் பெண் தாவணியோ துப்பட்டாவோ மாற்றுவதற்குக்கூட அப்பாவை வெளியே அனுப்பவேண்டிய வீடு அது. அவள் கேட்டது பெரிய ஆசை இல்லை.

இசக்கி மட்டும் எதுவும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தபோது, உளுந்து கழுவிக்கொண்டே என்னைத் தடுத்துவிட்டாள். “அண்ணே, நீ ஒண்ணும் சொல்லாத. நீ சொன்னா வீட்ல எல்லாரும் தலையாட்டுவாவ. பொறவு எனக்குப் பேச வழியிருக்காது.”

சும்மா இருப்பது என்னைப் போன்றவனுக்கு லேசான காரியமா? ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை அருங்காட்சியகம். வேனில் ஓர் இடம் காலி, தங்கையைக் கூட்டி வரட்டுமா என்று மேடத்திடம் கேட்டிருந்தேன். இருபத்தாறு வருஷத்தில் அவள் தென் பம்பாயில் கோட்டைப் பக்கம் போனது மூன்றே தடவை, மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. சைக்கிள்களை அனுப்பிவிட்டுக் குளித்து, பட்டு மாதிரி ஒரு சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

சயானில் ரயில் ஏறினோம். மாதுங்கா அடுத்த ஸ்டேஷன். அவள் பெண்கள் பெட்டியில், நான் பொதுவில். ஒரே ஸ்டேஷன்தானே என்று பழக்கதோஷத்தில் வாசலிலேயே நின்றேன். அப்போதுதான் முதுகில் கை விழுந்தது. உள்ளே போ, உள்ளே போ என்று நடுப்பெட்டி வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மாதுங்கா வந்தது, நின்றது, போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தாதரில் மொத்தக் கூட்டமும் இறங்கியது, நானும் இறங்கியிருந்தேன். ஏற்றியதும் அவர்கள், இறக்கியதும் அவர்கள். நடுவில் என் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் ஒருத்தர் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு இந்தியில் சொன்னதை நான் அப்படியே ஒப்பிக்க, இசக்கி பின்னால் எனக்கு விளக்கினாள்: “அங்கிள், இந்த ஊரில் இறங்கணும்னா முந்தின ஸ்டேஷனிலேயே இறங்க ஆரம்பிக்கணும்.” நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எதிர் ரயிலில் திரும்பி வந்து மாதுங்காவில் இறங்கிய என்னைப் பார்த்ததும் அவள் சிரித்த சிரிப்பில் பூக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஊர் பூரா இறக்கிவிட்டவருக்கு எறங்கத் தெரியல” என்றாள். அதை அவள் என் மாணவ நண்பர்கள் ஆறு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

காலைச் சாப்பாடு அங்கே ஒரு பழைய ஓட்டலில். இசக்கி இட்லியை உடனே வாயில் போடவில்லை. விரலால் அமுக்கினாள், அது மேலே எழும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாள், பிட்டு முகர்ந்தாள். அப்புறம்தான் தின்றாள். பரிமாறுகிறவர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் பேசும் வயதானவர். என்ன மாமி, பரீட்சையா என்று கேட்டார். “உளுந்து நல்ல உளுந்து. ஆட்டுன கைதான் அவசரக்கை” என்றாள். மனிதர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ குனிந்து, புது ஆள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, முதலாளிக்கே இன்னும் தெரியாது என்று மெல்லச் சொல்லிவிட்டு, எங்களுக்குக் காபியை மட்டும் இன்னொரு தடவை கொண்டுவந்து வைத்தார்.

அருங்காட்சியகம் பழைய காலத்துக் கட்டிடம். தூண்களும் கூரையும் தங்கநிறப் பூச்சில் மின்னின. சிற்பக்கூடத்து வாசலுக்கு வந்ததும் இசக்கி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே தலை உடைந்த அம்மன் சிலை ஒன்று நின்றது. அவளைப் பார்த்து எங்கள் குழுவில் வள்ளியூர் டீச்சரம்மா கழற்றினார். அவரைப் பார்த்து நான். கடைசியில் ஏழு மாணவர்களின் செருப்பும் வரிசையாக வாசலில் கிடந்தன. மேடம் ஒருவர்தான் ஷூவோடு நடுவில் நின்று, கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

காவலர் ஓடி வந்தார். இது கோயில் இல்லை அம்மா, எடுங்கள், எடுங்கள் என்றார். இசக்கி அவருக்குப் பம்பாய் இந்தியில் பதில் சொன்னாள்: கோயில் இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் உள்ளே நிற்பது யார்? காவலர் இரத்தினகிரிப் பக்கத்து மராட்டிக்காரர், நரைத்த மீசை. எங்கள் செருப்புகளைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பல வருஷமாக இந்தக் கூடத்தில் பூட்ஸோடு நிற்கிறாராம். உத்தியோகம் அப்படி. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அந்த அம்மனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடுவாராம். “சீக்கிரம் பார்த்துவிட்டு வாருங்கள், நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

மாடியில் பம்பாயின் பழைய தொழிலாளிகளைக் களிமண்ணில் சின்னச் சின்னப் பொம்மைகளாகச் செய்து கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். தண்ணீர் சுமப்பவர், மீன்காரி, செம்பு தட்டுகிறவர் என்று அரைச்சாண் உயரத்தில் ஒரு பெரிய கூட்டம். இசக்கி ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக்கொண்டு போய், கடைசிக்கு வந்ததும் மேடத்திடம் கேட்டாள், நம்ம ஆட்கள் ஒருத்தரும் இல்லையே, ஏன்? இவையெல்லாம் இங்கே நம் சனங்கள் பெரும்பாலும் வந்து சேருவதற்கு முன்னால் செய்தவை, இந்தத் தொழில்களில் முக்கால்வாசி இன்றைக்கு இல்லை என்று மேடம் விளக்கினார். இசக்கி மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தாள். “அப்ப நாங்க பொம்மையாவுறதுக்கு இன்னும் நாள் கெடக்கு” என்றாள். மேடமும் அதைக் குறித்துக்கொண்டார்.

பக்கத்தில் பழைய நகரத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் ஒரு வரைபடம். ஏழு தீவும் நடுவே தண்ணீரும். தாராவி இருக்கும் இடத்தில் உப்பங்கழியும் சேறும்தான். மேடம் விரலால் காட்டியபோது இசக்கி தலையை ஆட்டினாள். அவள் மாமனார் சொல்வாராம்: அலை ஏறும்போது தண்ணீர் வீட்டுக்குள்ளே வரும், குப்பையும் உமியும் கொட்டிக் கொட்டித்தான் தரையாக்கினோம் என்று. அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. மாவுக்கு உப்புப் போட்டேன் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள்.

சாயங்காலம் மலபார் குன்று. அங்கே உச்சியில் உள்ள பூங்காவிலிருந்து பார்த்தால் கடற்கரை வளைந்து கிடப்பது முழுசாகத் தெரியும் என்று மேடம் இரண்டு மாதமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தார். போய் நின்றால் ஒன்றும் இல்லை. பனியும் புகையும் கலந்து, கழுவாத பால் பாட்டில் மாதிரி ஒரு வெள்ளை. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் நாலு மரம், அப்புறம் உலகமே கிடையாது. கடலை விற்கிறவர், ‘நேற்று வந்திருக்க வேண்டும், நேற்று எல்லாம் தெரிந்தது’ என்றார். எந்த ஊரிலும் இதே கதைதான். நாம் ஸ்டாப்புக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவர் ‘பஸ் இப்பத்தான் போச்சு’ என்பார்.

மேடத்துக்கு முகம் வாடிவிட்டது. நாளை உங்களுக்கு ஓய்வு நாள்தானே, அவரவர் ஓர் உயரமான இடத்தைக் கண்டுபிடித்துப் பாருங்கள் என்றார். முதலில் திசையைக் குறியுங்கள், அடுத்துத் தண்ணீர் எங்கே என்று பாருங்கள், மிச்சம் தானாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் சுப்பையாவின் முகம் மலர்ந்தது. உயரமான இடம்தானே மச்சான், நாளைக்கு நாம் எல்லோரும் அந்த வீட்டைப் பார்க்கப் போகிறோம், பதினாறாவது மாடி என்றார். இசக்கி கிரைண்டரில் அரிசியைப் போட்டு மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாலு பேரும் பஸ் ஏறினோம். சுப்பையா கையில் ஒரு துணிப்பை. என்ன மாப்பிள்ளை என்று கேட்டேன், சும்மா என்றார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. சுப்பையா அந்த மராட்டிக் கண்டக்டரிடம் என்னைக் காட்டி, இவரும் உங்கள் ஜாதிதான், முப்பத்தொரு வருஷம் என்று இந்தியில் சொன்னார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் சீட்டிலிருந்து எழுந்து, என்னை உட்காரச் சொன்னார். கண்டக்டர் சீட்டு யாருக்கும் கொடுக்கிற சீட்டு இல்லை. முழங்கால் வலியோடு நின்ற சுப்பையாவை அதில் உட்காரவைத்தேன். கண்டக்டருக்கு அது புரிந்தது.

ஒன்று மாதிரியே எட்டுக் கட்டிடங்கள் நின்றன. லிப்ட் என்பது டிரைவரும் கண்டக்டரும் இல்லாத டவுன் பஸ். எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும், யாரும் ஏறாவிட்டாலும் நிற்கும். பதினாறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ராணியக்கா காத்திருந்தார். இசக்கியின் சந்திலிருந்து எட்டு மாசம் முன்னாலேயே இங்கே வந்துவிட்டவர், அதே மாடியில் எதிர்வீடு. சாவி அவரிடம்தான் இருந்தது.

வெள்ளையடித்த வீடு. ஓர் அறை, ஒரு ஹால், ஒரு சமையல் மேடை, கழிப்பறை. திவ்யா நேரே அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திறந்தாள், மறுபடி சாத்தினாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சுப்பையா கழிப்பறைக் குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் ஜன்னலுக்குப் போனேன். நோட்டை எடுத்துத் திசை குறித்தேன். அன்று புகை குறைவு. கிழக்கே சதுப்புக் காடு, அதற்கப்பால் தகரம் போலக் கடற்கழி. தெற்கே எண்ணெய் ஆலையின் குழாய்கள், உச்சியில் ஒரு தீ நாக்கு, அதற்குப் பின்னால் டிராம்பே குன்று. கீழே தீப்பெட்டி மாதிரி ரயில். மேற்கே செம்பூரின் மரங்கள், தூரத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள்.

இசக்கி பக்கத்தில் வந்து நின்றாள். நம் வீடு எங்கே என்று கேட்டாள். கண்ணாடிக் கட்டிடங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு சாம்பல்திட்டுத் தெரிந்தது. அதைக் காட்டினேன்.

“அம்புட்டுத்தானா?” என்றாள். பிறகு ராணியக்காவிடம் திரும்பி, இந்த ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மழைக்காலத்தில் கால் நனையவில்லை, அது ஒரு புண்ணியம் என்றார் ராணியக்கா. “ஆனா பேசுததுக்கு ஆளில்லடி. டிவியில வாரவ கூடத்தான் பேசுதேன். அவளும் கேக்க மாட்டேங்கா.”

விடிகாலையில் சைக்கிள்காரர்கள் கேட்டுக்குள் வர முடியுமா என்று இசக்கி கேட்டாள். வியாபாரிகளை ஏழு மணிக்கு அப்புறம்தான் விடுவார்களாம், லிப்டில் சுமை ஏற்றக் கூடாதாம். இசக்கி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் சுப்பையா துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு புது எவர்சில்வர் பாத்திரம், ஒரு பால் பாக்கெட், கொஞ்சம் சீனி, மஞ்சள், குங்குமம். ராணியக்கா வீட்டிலிருந்து சின்ன கேஸ் அடுப்பு ஏற்கெனவே மேடைக்கு வந்திருந்தது. இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

“தை மாசம், வளர்பிறை, வெள்ளிக்கெழம. மச்சானும் வந்திருக்கிய. தாய்மாமன் கையால பால் காய்ச்சிட்டா பொறவு எல்லாம் தானா நடக்கும்” என்றார்.

நம் சனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால் பொங்கிய வீடு நம் வீடு. காகிதத்தில் கையெழுத்து அப்புறம். அதுவும் பெண்ணின் அண்ணன் பற்றவைத்த அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டால், அந்தப் பெண் அங்கே குடிவர மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது அண்ணனுக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. சுப்பையா நல்ல மனுஷன். அதட்டிச் சம்மதம் வாங்கத் தெரியாதவர், அதனால்தான் இப்படி.

நான் இசக்கியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைட்டர் என் கையில் வந்துவிட்டது. முழங்கால் வீங்கிய மனிதர் எதிரே கும்பிட்டபடி நிற்கிறார், அறைக்குள்ளிருந்து மருமகள் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்றுதானே ஒப்புக்கொண்டிருந்தேன். பற்றவைத்தேன். இன்றைக்கும் அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது.

பால் சூடாக நேரம் எடுத்தது. ஓரத்தில் குமிழி கட்டியது. நடுவில் ஆடை சுருங்கியது. பிறகு மொத்தமாக நுரை எழும்பி விளிம்புக்கு வந்தது. சுப்பையா கண்ணை மூடிக்கொண்டார்.

இசக்கி வந்தாள். அவசரப்படவில்லை. இட்லிச் சட்டிக்கு நேரம் பார்த்து இறக்குகிற கை அல்லவா. நுரை விளிம்பைத் தொட்ட இடத்தில் அடுப்பை அணைத்தாள். நுரை இறங்கிவிட்டது. ஒரு சொட்டு வழியவில்லை.

“ராணியக்கா, டீத்தூள் இருக்கா?” என்றாள். “வந்த வீட்ல டீ குடிக்காம போவக்கூடாது.”

திவ்யா போனை இறக்கினாள். ராணியக்கா டீத்தூளும் தம்ளர்களும் கொண்டுவந்தார். அதே பாலில், அதே புதுப் பாத்திரத்தில், இசக்கி டீ போட்டாள். முதல் தம்ளரைச் சுப்பையாவிடம் கொடுத்து, சீனி போதுமா என்று கேட்டாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, போதும் என்றார். ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து குடித்தோம். விருந்தாளியாகப் போனவர்கள் குடிப்பது போல, மிச்சம் வைக்காமல். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் தாராளமாக இருந்தது. ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தோம்.

சனிக்கிழமை சுப்பையா எழுதிக் கொடுக்கப் போனார். என்னையும் கூப்பிட்டார். தகரக் கொட்டகையில் ஓர் ஆபீஸ், மேஜைக்குப் பின்னால் இளவயதுக் குமாஸ்தா. சுப்பையா குனிந்து, இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தார். தாராவியிலேயே காத்திருக்கும் கட்டம். குமாஸ்தாவே நம்பவில்லை. மாமா, பக்காவா, நிச்சயம்தானா, கட்டிடம் எப்போது எழும்பும் என்று எனக்கே தெரியாது என்றான். பக்கா என்றார் சுப்பையா.

வெளியே வந்ததும் முழங்காலை என்ன செய்வீர்கள் மாப்பிள்ளை என்று கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

“பொங்காத பால டீ போட்டுக் குடிச்சாச்சு மச்சான். இனி அது அடுத்தவன் வீடு” என்றார். முழங்காலைத் தடவிவிட்டு, “இருபத்தாறு வருஷத்துல அவ எங்கிட்ட மாட்டேன்னு ஒரு தடவ சொன்னதில்ல. நேத்தும் சொல்லலயே. அடுப்பத்தான அணச்சா” என்றார்.

இதை நோட்டில் எழுதத் தோன்றவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

திவ்யா அன்று சாப்பிடவில்லை. அப்பாவும் அம்மாவுமாகப் பேசி முடித்துவிட்டீர்கள், என்னை ஒருத்தரும் கேட்கவில்லை என்று இந்தியிலும் தமிழிலுமாகச் சொன்னாள். அவள் சொன்னது நியாயம். நான் ஊர் வந்த பிறகும் மூன்று நாள் அவள் அம்மாவிடம் பேசவில்லை என்று போனில் கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ரயில். காலையில் சைக்கிள்கள் கிளம்பும்போது இசக்கி இரண்டு பேரை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அரிசி மூட்டை, உளுந்து மூட்டை எல்லாவற்றையும் மச்சுக்கு ஏற்றச் சொன்னாள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஏணியில் நடுப்படியில் நான், மேலே ஒருவன், கீழே ஒருவன். மொத்தம் ஆறு மூட்டை. இனி தினமும் அரிசியை அவள்தான் மேலேயிருந்து படிபடியாக அளந்து இறக்கவேண்டும். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியாதா என்ன. மச்சு முழுக்க இனி உனக்குத்தான் என்று மகளிடம் சொன்னாள். “அரிசி மூட்டையோடயா?” என்றாள் திவ்யா. முந்தின நாள் பேச்சுக்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசியது அதுதான்.

மூட்டைகள் கிடந்த இடத்தைக் கழுவித் துடைத்து, சுப்பையாவின் மெத்தையைக் கீழே கொண்டுவந்து போட்டாள். கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நீளத்துக்குச் சரியாக இருந்தது. படுத்துப் பாருங்கள் என்றாள். சுப்பையா, பட்டப்பகலில் என்ன இது என்று கூச்சப்பட்டுக்கொண்டே படுத்தார். பாதம் இரண்டும் வாசற்படிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றன. சந்தில் போகிறவர்களுக்குத் தெரியும் என்று இசக்கி ஒரு பழைய சேலையை வாசலில் கட்டினாள். கட்டி முடித்துத் திரும்பியபோது அவர் தூங்கிவிட்டிருந்தார். அவள் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினாள். அந்த வீட்டில் பகலில் அது நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

மாவு வாங்கப் பாத்திரத்தோடு வந்த பக்கத்துவீட்டுப் பெண், சேலைக்கு வெளியே நின்று, அதன் அடியில் தெரிந்த பாதங்களைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி தூங்குதாவளா?” என்றாள் மெல்ல.

“ஆமா, தூங்குதாவ” என்று இசக்கியும் அதே குரலில் சொன்னாள். “ஒனக்கு ஒரு கிலோவா, ரெண்டு கிலோவா?”